பதில் சொன்ன காது

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

நேற்று வார்டில் ஒரு வேடிக்கை. பச்சைக் குழந்தையின் காதில் ரப்பர் முனையைச் செருகி மெஷினைப் போட்டேன். நல்ல காதாக இருந்தால், உள்ளே போன சத்தத்துக்குத் தானும் மெல்லிய சத்தம் ஒன்றைத் திருப்பி அனுப்பும்; அதைத்தான் அளக்கிறோம். ஆனால் மெஷின் ஒத்துக்கொள்ளவே இல்லை. பார்த்தால், பெற்றவள் ஓயாமல் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்கம்மா" என்றேன்.

"எம் புள்ளகிட்ட நான் பேசக் கூடாதா? உனக்கும் ஒண்ணு இருந்தா தெரியும்!"

சிரித்துவிட்டேன். அம்மாக்களின் வாயை அடைப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம். அவள் அடங்கியதும் இரண்டு காதும் பதில் சொல்லின.

உங்கள் மெசேஜ் பார்த்தேன். போனில் நான் கூப்பிட்டால் பாப்பா திரும்புவதில்லை, காது டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அக்கா கூப்பிட்டால் தவழ்ந்து ஓடுகிறாள் என்று அடுத்த வரியில் நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள். எதற்கு வீண் அலைச்சல்? அவள் பிறந்த மறுநாளே மடியில் போட்டு நானே பரிசோதித்தேன். காதில் ஒரு குறையும் இல்லை. கூப்பிடுவது யாரென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நான் பேசும்போது டிவியை மட்டும் அணைத்துவிடுங்கள். அவளுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
போனில் பேசுகிற யாரோ ஒருத்தி