பச்சையாகத் தின்றாலும் பாதகமில்லாத கீரை

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் இன்றைக்கு நலம். ‘இன்றைக்கு’ என்று போட்டதைப் பார்த்துப் பயந்துவிடாதே, சரக்குக்கு உத்தரவாதம் கேட்டால் இன்றைய தேதிக்குத்தான் கொடுப்பேன், அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன், நீ அழுவாய், அப்பா பக்கத்தில் வந்து நின்று "யாரும்மா அது, சின்னப் பிள்ளைய எதுக்கு அழ வைக்கிறீங்க" என்று என்னையே கேட்பார். போன தடவை அதனால்தான் பாதியில் வைத்தேன். அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கிற பேச்சை இனி எடுத்தால் என்னோடு பேசவே பேசாதே என்றும் சொன்னேன். அந்தப் பேச்சை இப்போது நானே எடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் தோட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அம்மா அலுத்துப்போய்த் தள்ளிவிட்டாள் என்று நினைத்துவிடுவாய்.

நீ கடைசியாக வந்தபோது பின்வாசலில் இருந்த பூந்தொட்டி ஒன்றும் இப்போது இல்லை. நீ போன கொஞ்ச நாளிலேயே அப்பா கண்ணில் படுகிற இலையையெல்லாம் கிள்ளி வாயில் போட ஆரம்பித்தார். ஒருநாள் குரோட்டன்ஸ் இலையை மென்றுகொண்டு நிற்கிறார், உதடு வீங்கிப் போயிருக்கிறது, கேட்டால் "உப்பு பத்தல" என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தேன். வாடிக்கையாளர் மாறமாட்டார் என்று தெரிந்துவிட்டால் கடைக்காரி சரக்கைத்தானே மாற்ற வேண்டும், அதனால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீரை வைத்தேன். எந்தக் கீரை என்பதில்தான் இருக்கிறது விஷயம். பச்சையாகத் தின்றாலும் வயிற்றை ஒன்றும் செய்யக்கூடாது, ஏனென்றால் வேக வைக்கும்வரை அவர் பொறுக்கமாட்டார். ஊற்று ஊற்று என்று தண்ணீர் ஊற்றினாலும் அழுகக்கூடாது, ஏனென்றால் ஊற்றியது அவருக்கு நினைவிருக்காது, ஊற்றிவிட்டு வாளியை வைத்த கையோடு திரும்ப நிரப்புவார். மணத்தக்காளி வைத்தேன், உனக்கு வாய்ப்புண் வந்தால் கொடுப்பேனே அதுதான். நம் குடோனில் சாக்குத் தைக்கிற அக்கா பார்த்துவிட்டு, "பழம் சரிக்கா, பச்சைக் காய தின்னா வாந்தி எடுப்பாரு" என்றாள். அவருக்குப் பழமும் ஒன்றுதான் காயும் ஒன்றுதான், அன்றைக்கே அதை எடுத்தேன். சேம்பு ஈரத்தில் நன்றாக நிற்கும், ஆனால் பச்சை இலை தொண்டையை அரித்து எடுத்துவிடும், அதுவும் வேண்டாம். கொத்தமல்லியும் வெந்தயமும் தின்பதற்குப் பயமில்லை, ஆனால் முளைத்து இரண்டு இலை விடுவதற்குள் அவர் ஊற்றிய தண்ணீரில் தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன, மறுபடி தூவினேன் மறுபடி சாய்ந்தன.

கடைசியில் நின்றது புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை, வேலியில் ஏறின கொடிப்பசலை. புதினாவை நீயும் அங்கே உன் பால்கனியில் வை, கடையில் வாங்குகிற கட்டிலேயே நல்ல தண்டாக நாலைப் பொறுக்கி அடி இலையை உருவிவிட்டுத் தண்ணீரில் போட்டால் வேர் விடும், பிறகு மண்ணுக்கு மாற்று, நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் அது படரும், பாவம் பார்த்துக் கிள்ளாமல் விட்டால் ஒல்லியாக வளர்ந்து வீணாகும். இதோடு முளைக்கீரையும் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி வந்தேன், அதை வேரோடு பிடுங்குவதுதானே அறுவடை, அவர் பிடுங்கினால் பிடுங்கட்டும், பிடுங்குவதற்கு எந்நேரமும் ஏதாவது இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. வல்லாரை ஞாபகத்துக்கு நல்லது என்று நாலு பேர் சொல்வார்கள். நான் அதற்காக வைக்கவில்லை, ஈரம் தாங்கும் என்று வைத்தேன். ஆனாலும் அவர் முதன்முதலில் அதைக் கிள்ளி மென்றபோது முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும். சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

எல்லாம் சாக்கில்தான் வளர்கிறது. பழைய சாக்கு விற்றே உன்னைப் படிக்க வைத்தவள் தொட்டிக்குக் காசு கொடுப்பேனா. அரிசி வந்த சாக்கு மட்டும்தான் எடுத்தேன், வாயை மடித்துவிட்டு, அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தேன். சர்க்கரை வந்தது எறும்பைக் கூட்டிவரும், உரமோ மருந்தோ வந்த சாக்கை எத்தனை தண்ணீரில் அலசினாலும் மூக்கில் வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும், அதைத் தொடவில்லை. பூச்சி வந்தாலும் மருந்து அடிக்கவில்லை, இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் நசுக்கினேன். இத்தனை வருஷ வியாபாரத்தில் ஒரு சரக்கை இப்படித் தட்டிப் பார்த்து முகர்ந்து பார்த்து எடுத்ததில்லை.

அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். விடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். லாரி ஓட்டிய காலத்தில் சக்கரத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒவ்வொரு சாக்கையும் தட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். என்னை முதலாளியம்மா என்று கூப்பிடுவது அவர் பழைய கிண்டல், கல்யாணத்துக்கு முன்னால் என் சரக்கை ஏற்ற வந்தபோது ஆரம்பித்தது, நீயும் கேட்டு வளர்ந்தவள்தான். இப்போது கிண்டல் இல்லை, நிஜமாகவே தான் ஏதோ ஒரு முதலாளியம்மா வீட்டில் வேலை செய்வதாக நினைக்கிறார். சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு வந்து வாசல்படிக்குக் கீழே நின்று, "முதலாளியம்மா, நேரமாச்சு, வீட்டுக்காரி தேடுவா, நான் கிளம்பட்டுங்களா" என்று கேட்பார். நான் என்ன சொல்வேன். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்பேன். சாப்பிட்டதும் மறந்துவிடுவார். இதை உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய், வேலை போய்விடும்.

இனி சொல்லப்போவதையும் உன்னிடம் மறைத்துத்தான் வைத்திருந்தேன், கோபித்துக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். போன மாதம் நான் குடோனில் வண்டியில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன், தைக்கிற அக்காதான் வீட்டில் அவரோடு இருந்தாள். குப்பை வண்டி வந்ததென்று கதவைத் திறந்திருக்கிறாள், கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் இல்லை. அவளைக் குறை சொல்லாதே, தலையில் அடித்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருத் தெருவாக ஓடினாள். முனையில் இருக்கிற பஞ்சர் கடைக்காரர்தான் பார்த்தது. "எங்க போறீங்கண்ணே" என்று கேட்டாராம், "லோடு நிக்குது, வழி விடு" என்றாராம். பெரிய ரோட்டுக்கு நடுவில் அழகுக்கென்று அரளி வைத்திருக்கிறார்கள் இல்லையா, அங்கே போய் உட்கார்ந்து களை எடுப்பதுபோல் கிள்ளியிருக்கிறார், கிள்ளியதை மென்றும் இருக்கிறார். இரண்டு பக்கமும் வண்டி பறக்கிறது. கடைக்காரர் ஓடிப் போய்த் தூக்கி வந்து எனக்குப் போன் போட்டார். வாந்தி, கண் சொருகல், நாடி விட்டு விட்டு அடிக்கிறது. சட்டைப் பையில் ஒரு கொத்து இருந்ததால் டாக்டருக்கு உடனே புரிந்தது. "இன்னும் ரெண்டு இலை உள்ள போயிருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்மா" என்றார். பிழைத்துவிட்டார், வீட்டுக்கு வந்துவிட்டார், பயப்படாதே. ஆனால் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். என் வீட்டுக்குள் ஒவ்வொரு இலையையும் பொறுக்கிப் பொறுக்கி வைத்தேன். ஊரெல்லாம் யார் என்ன செடி வைத்திருக்கிறார்கள் என்று நான் பார்க்க முடியுமா? கதவைப் பூட்டியே வைத்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு "என்னை ஏன் அடைச்சு வச்சிருக்கீங்க, நான் என்ன திருடினேன்" என்று கேட்கிறார்.

நீ சொன்ன இல்லத்துக்குப் போனேன், சொல்லாமல் கொள்ளாமல், சரக்கெடுக்கப் போகிற மாதிரிதான் போனேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன், கழிவறையில் நின்று மூச்சு இழுத்தேன், சமையற்கட்டில் போய் ஒரு கரண்டி வாங்கித் தின்றேன், உப்பு குறைவு, ஆனால் சுத்தம். அங்கே இருக்கிற கிழவர்களின் நகத்தைப் பார்த்தேன், வெட்டியிருந்தது, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். சுற்றிலும் உயரமான மதில், உள்ளே விசாலமான முற்றம், பூட்டியிருப்பதே தெரியாது. நடத்துகிற அம்மா முன்னால் நர்ஸாக இருந்தவர், பொறுமைசாலி. முற்றம் முழுக்க அலங்காரச் செடி. இதையெல்லாம் எடுத்தால்தான் அனுப்புவேன் என்றேன். "அழகா இருக்கேன்னு வச்சதும்மா" என்றார். "அழகு பாக்குறதுக்கா எங்க வீட்டுக்காரர் வர்றாரு, தின்னு பாக்குறதுக்கு வர்றாரு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஒரு மணி நேரம் பேசினேன், உன் கல்யாண மண்டபத்துக்குக்கூட நான் அத்தனை பேரம் பேசவில்லை. கெடுதலான செடியையெல்லாம் எடுத்துவிட்டார்கள், குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பாத்தி ஒழித்துக் கொடுத்தார்கள், இங்கிருந்து புதினாவும் பொன்னாங்கண்ணியும் வேர்மண்ணோடு கொண்டு போய் வைத்தேன், முளைக்கீரையும் தூவியாயிற்று.

அது கொஞ்சம் தலை தூக்கியதும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன், சும்மா காட்டி வரலாமென்று. உள்ளே போனதும் நேராகப் பாத்திக்குப் போனார். உட்கார்ந்தார். முளைக்கீரைக்கு நடுவில் இருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தார், வாளி எங்கே என்று அங்கிருந்த ஆளை அதட்டிக் கேட்டார், தண்ணீர் ஊற்றினார். அவர் இருக்கட்டும் என்று நான் எழுந்து வாசல் கதவு வரைக்கும் நடந்தேன். தேடுகிறாரா என்று பார்க்கத்தான். கதவைத் தாண்டி வெளியேயும் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது, யாரோ வந்து தலையில் ஒரு தொப்பியை வைத்துவிட்டுப் போனார்கள், அதையும் நன்றாகச் சரிசெய்துகொண்டார், நான் நின்ற பக்கம் தலை திரும்பவே இல்லை. நடத்துகிற அம்மா என் பக்கத்தில் வந்து, "ஒரே நாள்ல இப்படி ஒட்டிக்கிட்ட ஆளை நான் பாத்ததே இல்ல, நிம்மதியா இருங்க" என்றார். நிம்மதிதான். இதற்காகத்தானே அத்தனை பேசி, மண்ணைச் சுமந்து, விதை தூவினேன். கேட்டதெல்லாம் கிடைத்த பிறகு கையை நீட்டி வாங்கிக்கொள்ள முடியாமல் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேனடி.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னை நான் எதற்கும் வா என்று கூப்பிட்டதில்லை, பிரசவத்துக்கு நான்தான் அங்கே வந்தேன். இதற்குக் கூப்பிடுகிறேன். அவருக்காக இல்லை, அவர் சமாளித்துக்கொள்வார். திரும்பி வருகிற வழியில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். லீவு தரமாட்டார்கள் என்றால் இப்போதே எழுது, மனசைத் தயார் பண்ணிக்கொள்கிறேன், கடைசி நேரத்தில் இழுக்காதே. பாப்பாவை வெறும் தரையில் உட்கார விடாதே, மாப்பிள்ளை ராத்திரி நேரங்கழித்துச் சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னதாகச் சொல். பின்வாசல் சாக்குகளில் பாதி காலியாகிவிட்டது, புதிதாக எதுவும் தூவவில்லை. இனிமேல் எந்தச் செடியும் வைக்கலாம், அதுதான் எதை வைப்பது என்றே தெரியவில்லை.

எல்லோரும் நூறாண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா