மேட்டுக்குப் போன போர்டு விளக்கு

5-2-1961, ஞாயிறு

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. ஓரிடத்தில் பென்சில் தாளையும் கிழித்துவிட்டது. துடுப்புப் பிடித்த கை, பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் சந்தோஷம். மருமகள் மிக்கேலம்மாள் சொல்லிக்கொடுத்து, இந்த வயதில் யாக்கோபு என்று என் பெயரை நானே எழுதுகிறேன்.

சந்தோஷம் அவ்வளவுதான். நேற்று எங்கள் கரை விளக்கைக் கம்பத்தோடு பிடுங்கி வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். புயலில் வள்ளங்கள் அழிந்த வருஷம், கரை தெரிவதற்கென்று ஜில்லா போர்டு நட்டது. போர்டு ஆள் தினமும் எண்ணெய் ஊற்றி ஏற்றுவான். இப்போது போர்டையே கலைத்தாயிற்று. அதன் சாமானெல்லாம் புதிதாக வந்த பஞ்சாயத்து யூனியனுக்காம். பஞ்சாயத்து பிரசிடெண்ட் பூமிநாதன் விளக்கைக் கேட்டு வாங்கித் தன் ஊர்க் கண்மாய்க்கரை மேட்டில் நட்டுக்கொண்டார். நாங்களும் அவர் பஞ்சாயத்துதானே? ஓட்டுக் கேட்க இதே மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாரே?

12-2-1961

போய்க் கேட்டேன். "மீனுக்குக் கண்ணு தெரியாதாக்கும், விளக்கு கேக்குற?" என்றார். என் மகன் வயசு அவருக்கு. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நினைத்ததை எழுதினால் மருமகள் படித்துவிடுவாள்.

16-2-1961, வியாழன்

மகன் இன்னாசி பிழைத்தான். வள்ளம் போச்சு. விடியுமுன் திரும்பியவன் மேட்டு விளக்கைக் குறிவைத்து வந்து கடலடிப் பாறையில் மோதிவிட்டான். "மாத்துனது தெரியும்யா. விளக்கக் கண்டதும் கை தானா அங்கன திருப்பிருச்சு" என்கிறான்.

பூமிநாதனிடம் விளக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. "அணைச்சுப் போடுங்க. எங்களுக்கு இருட்டே போதும்" என்றேன்.

"ஊருக்கு வெளிச்சம் வந்தா ஒனக்கு ஏன்யா எரியுது?"

எரியாதா? எம்புள்ள செத்திருப்பானே —

19-2-1961

என் பெண்டாட்டி யாகப்பம்மாளும் மற்ற பெண்களும் அந்த ஊர் வழியாகத்தான் மீன் கூடை சுமந்து போகிறார்கள். மூன்று நாளாக யாரும் அங்கே கூடையை இறக்கவில்லை. பிரசிடெண்ட் வீட்டம்மா கூப்பிட்டதற்கு, "விளக்கில்லாம மீனு எங்க கண்ணுக்குத் தெரியல தாயி" என்றாளாம் இவள். கூடை நிறையச் சாளை.

27-2-1961, திங்கள்

கம்பம் திரும்பி வந்து பழைய குழியிலேயே நிற்கிறது. பூமிநாதன் வரவில்லை, வண்டிதான் வந்தது. கம்பத்தில் பச்சைப் பெயிண்டில் பஞ்சாயத்து யூனியன் என்றிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெயிண்டுக்கு அடியில் ஜில்லா போர்டு என்று மங்கலாகத் தெரிகிறது. இத்தனை வருஷம் அதில் எழுத்து இருந்ததே எனக்குத் தெரியாது.

விளக்கு வந்தது, எண்ணெய் வரவில்லை. இன்னாசி இன்று அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போயிருக்கிறான். வீட்டு எண்ணெயை ஊற்றி நானே ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

அடுத்த வாரமும் எழுத வேண்டும். எண்ணெய்ச் சண்டை இருக்கிறது.