இருபது காய்

நார்த்தாமலை,
30.11.2024

அருணாவுக்கு,

இங்கு நலம். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பருத்திப் பூச்சிக் கணக்கெடுப்புத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வீட்டை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆனாலும், வேளாண்மை ஆபீசில் வயல் உன் பெயரில்தான் பதிந்திருக்கிறது. உன் கையெழுத்தோடு தை மாதம் எல்லாத் தாளையும் கொடுக்க வேண்டும். நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபால்.

ஐந்து பொறி நட்டிருக்கிறேன், நீ போன வருஷம் செய்த மாதிரியே செடிக்கு ஒரு சாண் மேலே. தினமும் காலை ஏழு மணிக்குப் பார்க்கிறேன். இரண்டு வாரமாக ஓர் அந்துப்பூச்சிகூட விழவில்லை. பூஜ்யம் என்றே எழுதியிருக்கிறேன். உன் முருங்கை மழையில் சாய்ந்தது, முட்டுக் கொடுத்துவிட்டேன்.

ரகுநாத்

வல்லத்திராக்கோட்டை,
5.12.2024

திரு. ரகுநாத் அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். முருங்கை என்னுடையதல்ல, அந்த வீட்டுடையது.

ஒரு சந்தேகம். எழுபது கட்டம், எழுபதிலும் பூஜ்யம். இங்கே அண்ணனின் பருத்திக் கொல்லையில் ஒரு பொறியில் ஒரே ராத்திரியில் ஆறு விழுகிறது. நிஜமாகவே வயலுக்குப் போகிறீர்களா, இல்லை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறீர்களா? கையெழுத்து என்னுடையது, அதனால் கேட்கிறேன்.

அருணா

நார்த்தாமலை,
14.12.2024

அருணாவுக்கு,

கோபம் வரத்தான் செய்தது. மழையிலும் போனேன், வரப்பில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம். பூச்சி இல்லை என்றால் இல்லை. நாலாவது வாரமும் பூஜ்யம். காயெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கிறது, நீயே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

பொருளையும் வீணாக்கவில்லை. பொறிக்குள் வைக்க ஆபீசில் கொடுத்த மருந்து ரப்பரை உறையோடுதான் தொங்கவிட்டிருக்கிறேன். பிரித்தால் கற்பூரம் மாதிரி பறந்துபோய்விடும் அல்லவா.

ரகுநாத்

வல்லத்திராக்கோட்டை,
18.12.2024

திரு. ரகுநாத் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அண்ணியும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த ரப்பரில் இருப்பது பெண் பூச்சியின் வாசம். அதைத் தேடித்தான் ஆண் பூச்சி வந்து பொறியில் விழும். உறையைப் பிரிக்காவிட்டால் வாசம் எப்படி வெளியே வரும்? ஒரு மாதமாக வெறும் பொட்டலத்தைக் காவல் காத்திருக்கிறீர்கள்.

போன வருஷம் நான் உறையைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் ஐயனார் டீக்கடையில் இருந்தீர்கள். பிறகு நான் பூச்சிக் கணக்கைக் காட்டி மருந்தடிக்கச் சொன்னபோது, "பொம்பள எண்ணுற பூச்சிக்கெல்லாம் மருந்தடிச்சா கட்டுபடியாகுமா" என்று எல்லோரும் சிரிக்கச் சொன்னதும் அங்கேதான்.

கடிதம் கண்டதும் இதைச் செய்யுங்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இருபது செடியில் செடிக்கு ஒரு காய் பறித்துப் பிளந்து பாருங்கள். பிஞ்சும் வேண்டாம், முற்றலும் வேண்டாம். வெளியே பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு காயில் புழு இருந்தாலே தாமதம் செய்யக்கூடாது.

அருணா

நார்த்தாமலை,
23.12.2024

அன்புள்ள அருணா,

இருபதில் ஐந்து.

வெளியே ஓர் ஓட்டைகூட இல்லை. உள்ளே இளஞ்சிவப்பாக, விதைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறது. ஆபீசில் காட்டினேன். அவர்கள் எழுதித் தந்த மருந்தைக் காற்றில்லாத நேரம் பார்த்து, முகத்தில் துணி கட்டி அடித்துவிட்டேன். இந்தத் தடவை முக்கால்வாசிக் காய் தப்பிக்கும் என்கிறார்கள். உறையையும் பிரித்தேன். மறுநாள் காலை, முதல் பொறியிலேயே பதினொன்று.

பிளந்த காய்களை டீக்கடைக்குக் கொண்டுபோய்ப் பெஞ்சில் வைத்தேன். போன வருஷம் சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். "அருணா அப்ப சொன்னது நெசம். நான்தான் ஒரு காயக்கூடப் பொளந்து பாக்காம பொய்யின்னுட்டேன்" என்றேன். பெஞ்சில் இருந்த மூக்கன்தான், "அத ஏன் இங்கிட்டு வந்து சொல்ற, அந்தப் புள்ளகிட்டப் போயிச் சொல்லு" என்றான்.

அதனால் எழுதுகிறேன். தப்பு என்னுடையது. போன வருஷம் மருந்தடிக்காமல் விளைச்சல் போன பிறகு, உன் கைராசிதான் காரணம் என்றேனே, அதுவும் பொய். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பூஜ்யம் போட்ட தாளையெல்லாம் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதிவிடட்டுமா? ஆபீசில் உன் பெயர் கெடக்கூடாது.

ரகுநாத்

வல்லத்திராக்கோட்டை,
27.12.2024

என்னங்க,

கிழிக்க வேண்டாம். பூஜ்யத்தின் மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள், முன்பு எழுதியது தெரிய வேண்டும். பக்கத்தில் 'உறை பிரிக்கவில்லை' என்று எழுதுங்கள். தாளின் பின்பக்கம் இதெல்லாம் அச்சடித்தே இருக்கிறது, நீங்கள் திருப்பிப் பார்த்திருக்க மாட்டீர்கள். திருத்திய ஒவ்வொரு இடத்திலும் எண்ணியவரும் வயலுக்கு உரியவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நூற்றுக்கு மேல் இருக்கிறது. தபாலில் ஆகிற வேலை இல்லை.

டீக்கடையில் நீங்கள் சொன்னதை மூக்கன் பெண்டாட்டி அன்றைக்கே போனில் சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டு அழுதேன். கைராசி என்று நீங்கள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. மறந்துவிட்டதாகப் பொய் எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை, முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து வருகிறேன். அன்றைக்குப் பொறியைத் தொடாதீர்கள், நான் வந்து எண்ணுகிறேன். சாயங்காலம் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைக்க வேண்டாம்.

அருணா