சின்னக் கைக்குச் செய்த கருவி

லண்டன்
02.09.1997

அன்பின் நேசம்,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாளாகிறது. அம்மாவின் குடலில் கட்டி என்று நீ எழுதிய வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத் துளைகள் போட்டு, கமெராவால் பார்த்தே வெட்டி எடுக்கலாம் என்று டொக்டர் பாயிஸ் சொன்னது பெரிய ஆறுதல். எழுபத்திரண்டு வயதில் வயிற்றை நீளமாகக் கீறினால் அவர் தாங்கமாட்டார்.

இன்னொரு செய்தி. இரண்டு வருடமாக நான் தலையை உடைத்துக்கொண்ட கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. கடதாசிகளைச் சேர்த்துப் பின் அடிக்கிற ஸ்ரேப்லரின் வேலைதான் இதற்கும். குடலில் இரண்டு பக்கமும் பின் வரிசை அடித்து, நடுவில் வெட்டும். பழைய கருவிகள் எல்லாம் இங்குள்ள ஆண்களின் பெரிய கைக்கு அளந்து செய்தவை. நீ கடதாசியில் கையை விரித்து வரைந்து அனுப்பினாயே, அதை மேசையில் ஒட்டிவைத்துத்தான் இதன் கைபிடியைச் சிறிதாக்கினேன். உள்ளே இருந்த உருக்குத் தண்டைப் பிளாஸ்ரிக்குக்கு மாற்றியபிறகுதான் பாரமும் பருமனும் குறைந்தன. அதற்காக எத்தனை பேருடன் சண்டை பிடித்தேன் என்று நேரில் சொல்கிறேன்.

கம்பனி எனக்கு ஒன்று தந்தது. அதையும் பின் நிரப்பிய ஆறு கூடுகளையும் கொழும்புக்கு வருகிற தியாகராசா அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். அது அம்மாவுக்கு. அகதி அட்டையை வைத்துக்கொண்டு நான் கொழும்புக்கு வரமுடியாது. என் கைவேலையாவது அவருக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

என்றும் உன்
சிவானந்தன்

வெள்ளவத்தை
28.09.1997

அன்புள்ள அத்தானுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. வந்த பாட்டைத்தான் கேட்கக்கூடாது. விசையும் நீளக் குழாயுமாக ஒரு சாமானைக் கண்டதும் செக்பொயின்றில் தியாகராசா அண்ணையை இறக்கி ஒரு மணித்தியாலம் இருத்திவிட்டார்கள். டொக்டர் பாயிஸ் தொலைபேசியில் சிங்களத்தில் விளங்கப்படுத்தியபிறகுதான் விட்டார்கள். அண்ணை இனி உங்களுக்காக ஒரு குண்டூசியும் காவமாட்டாராம்.

மாமிக்கு வந்த சந்தோசப் புளுகத்தை என்னவென்று எழுத? பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசினார். கீழ்வீட்டு றஸ்மியாவைக் கூப்பிட்டுக் காட்டினார். டொக்டரிடம் போனபோது அவரையும் விடவில்லை.

"என்ர பிள்ளை செய்த சாமானாலதான் என்னை வெட்ட வேணும். வேறை ஒண்டும் கிட்டக் கொண்டரக் கூடாது."

டொக்டர் சிரித்துக்கொண்டு ஓம் என்றார். ஒக்ரோபர் இருபத்தோராம் திகதிக்கு நாள் குறித்திருக்கிறது. பெட்டியை எங்கள் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைத் தியேட்டர் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

பூட்டுமுன் உறையோடு சேர்த்துக் கைபிடியைப் பிடித்துப் பார்த்தேன். பதினொரு வருடம் தியேட்டர் தாதியாக நிற்கிறேன், ஒரு சாமானும் என் கைக்குள் இப்படி அடங்கியதில்லை. அழுகை வந்துவிட்டது. விசா வரும் வரும் என்று நாலு வருடமாகச் சொல்கிறீர்கள். என்னைக் கூப்பிடவில்லை, என் கையின் அளவை மட்டும் எடுப்பித்துவிட்டீர்கள். கோபிக்க வேண்டாம், சும்மா சொன்னேன்.

அன்பு மனைவி
நேசமலர்

லண்டன்
16.11.1997

நேசம்,

கனத்தை மயானத்தில் அம்மாவுக்குச் சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்த நேரம் நான் இங்கே தோய்ந்துவிட்டு ஈரத் துணியோடு அறைக்குள் நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கட்டி வருத்தம் முற்றித்தான் அம்மா போனார் என்று தொலைபேசியில் சொன்னாய். டொக்டர் பாயிஸுக்கு எழுதிக் கேட்டேன், அவர் மறைக்கவில்லை. பின் வரிசை சரியாகப் பிடிக்கவில்லை, பொருத்திய இடத்தில் குடல் கசிந்தது, ஆறாம் நாள் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். கருவி என்னுடையது. பெற்ற தாயை நானே கொன்றிருக்கிறேன்.

கம்பனிக்குச் சொல்லிவிட்டேன். விற்பனையை நிறுத்தியிருக்கிறார்கள். பழுது எதுவென்று கண்டுபிடிக்க அந்தக் கருவி வேண்டும், அனுப்பிவை. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. இனி ஒரு ஸ்குறூவையும் தொடமாட்டேன்.

உன் விசா கிடைத்திருக்கிறது. எந்த நேரத்தில் கிடைத்திருக்கிறது பார். தை மாதம் புறப்படு. நீயும் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும்.

சிவானந்தன்

வெள்ளவத்தை
07.12.1997

அன்புள்ள அத்தானுக்கு,

இதை எழுதாமல் பிளேன் ஏறினால் ஆயுள் முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. உங்கள் கருவியில் பிழையில்லை. மாமிக்கு முன் அது இன்னொருத்திக்குப் பாவிக்கப்பட்டது.

ஒக்ரோபர் பதினைந்தாம் திகதி கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் எங்களிடமும் சனத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தி கொன்ஸ்ரன்ஸ், கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கந்தோர் ஒன்றில் வேலை. கண்ணாடி வயிற்றுக்குள் போய்க் குடல் நாலு இடத்தில் கிழிந்திருந்தது. கையால் தைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. எங்களிடமிருந்த இரண்டு பழைய கருவிகளும் மற்ற மேசைகளில் இருந்தன. டொக்டர் என்னைப் பார்த்தார். நான்தான் போய் அலுமாரியைத் திறந்தேன். இரண்டு கூடுகள் முடிந்தன. ஒரு பின்கூடப் பிசகவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டாள்.

பிறகு நான் எந்த நாளும் செய்வதையே செய்தேன். கழுவித் துடைத்து, நீராவியில் அவித்து, புது உறையில் கட்டிவைத்தேன். 'ஒருமுறை மட்டும்' என்று பெட்டியில் இருந்தது. எங்களிடம் வருகிற எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான் இருக்கும். பழையதில் ஒன்றை முப்பது பேருக்குப் பாவித்திருக்கிறோம். டொக்டர் உங்களுக்கு எழுதும்போது இதைச் சொல்லாததும் அதனால்தான், இங்கே அது சொல்லவேண்டிய விசயமே இல்லை. உள்ளே பிளாஸ்ரிக் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். வாசித்தவள் நான். அவிக்கும்போது நினைவு வரவில்லை.

நாளைத் தள்ளிவைத்து, இன்னொன்று அனுப்பச் சொல்லி உங்களைக் கேட்டிருக்கலாம். தனக்கென்று வந்ததை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டேன் என்று மாமியிடம் சொல்லப் பயந்தேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சலுக்குள் அவர் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, வருத்தம் முத்திப்போச்செண்டு மட்டும் அவனுக்குச் சொல்லு. தன்ர சாமானில பிழையெண்டு நினைச்சால் அவன் தாங்கமாட்டான்."

நான் செய்தது அவருக்குத் தெரியாது. அவர் சொல்லைச் சாட்டாக வைத்துக்கொண்டு நானும் வாயை மூடியிருந்தேன். இப்போது நீங்கள் வேலையை விடுகிறீர்கள் என்றதும் என்னால் முடியவில்லை.

கருவியை அனுப்பியிருக்கிறேன். திறந்து பாருங்கள், பிழை என்னுடையது என்று தெரியும். வேலையை மட்டும் விடவேண்டாம். என்னை என்ன செய்வதென்று நீங்களே முடிவெடுங்கள்.

நேசமலர்

லண்டன்
25.01.1998

நேசம்,

கருவி கிடைத்தது. திறந்தேன். தண்டு வளைந்திருந்தது. அது நீராவியில் வளையும் என்பது எனக்கு முதலே தெரியும்.

வரைபடம் முடிந்த அன்று எங்கள் கம்பனிப் பெரியவர் மேசையைச் சுற்றி இருந்த எல்லாரிடமும் கேட்டார், இதை யாராவது கழுவித் திரும்பப் பாவிப்பார்களா என்று. அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கருவிகளை அவித்து விரல் வெந்து வருகிற உனக்கு எத்தனை நாள் மருந்து பூசியிருப்பேன்? உருக்கைப் போட்டால் கைபிடி பருத்துவிடும். ஒருவரும் திரும்பப் பாவிக்கமாட்டார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். உனக்காவது 'அவிக்காதே' என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். நீ புளுகத்தோடு பார்க்கப்போகிற சாமானின் குறையை எழுத மனம் வரவில்லை.

இதையெல்லாம் கம்பனிக்கும் சொன்னேன். அவர்களுக்கு நிம்மதி. கழுவிப் பாவிக்கிறவர்கள் தங்கள் வாடிக்கைக்காரர் இல்லையாம். திங்கட்கிழமை தொடக்கம் திரும்ப விற்கிறார்கள். நான் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன். எனக்கு அதற்குத் தகுதியில்லை. அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று சந்தோசப்படப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

விசா ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும். வருவதென்றால் வா, விமான நிலையத்தில் நிற்பேன். நாலு வருடம் ஒவ்வொரு கடிதத்திலும் நாங்கள் அம்மாவைத்தான் கதைத்தோம். இனி அவரைப் பற்றி நீயும் வாய் திறக்கமாட்டாய், நானும் திறக்கமாட்டேன். ஒரு மேசையில் எதிரெதிரே இருந்து நாங்கள் வேறு எதைக் கதைப்பது, நேசம்? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சிவானந்தன்