பதினோராவது தப்படியில் ஒருவர்

சங்கரன்கோவில்
2.7.2024

அன்புள்ள மம்மது,

நானும் மாரித்தாயும் நலம். உம் காது எப்படி இருக்கிறது? உம் மகன் ஆஷிக் அலி வாங்கித் தந்த கருவியை மாட்டிக்கொண்டால்தான் என்ன? மாட்டியிருந்தால் இப்படி மின்னஞ்சல் அடிக்காமல் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன்.

என் பழைய மானிட்டர் போய்விட்டது. மகள் காவியா பெரிதாக ஒன்று அனுப்பியிருக்கிறாள். அதில் நம் விளையாட்டு நடுவில் ஒரு தபால் அட்டை அளவுக்குத்தான் தெரிகிறது, சுற்றிலும் கறுப்பு. நீர் பேசுவது அடியில் எழுத்தாக ஓடுமே, அது இப்போது எறும்பு வரிசை. நேற்று நாலு மணிக்கு நீர் சொன்னதில் பாதிக்குக் குத்துமதிப்பாகத்தான் ‘ஆமாம்’ போட்டேன். மன்னியும்.

பழைய விளையாட்டு, திரை அளவை மாற்ற அதில் வழி இல்லை. நம் கணினியில் இருக்கும் அதன் கோப்பைத் திறந்து அகலம், உயரம், எழுத்தளவு என்று மூன்று எண்களை மாற்றினால் திரை நிறைய வரும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனால் விளையாட்டின் ஒன்பதாம் விதி, கோப்பை மாற்றுபவரின் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும் என்கிறது. முப்பத்தாறு வருடம் சர்வே அலுவலகத்தில் ஓர் எண்ணைக்கூடத் திருத்தாத கை இது. மாற்றாவிட்டால் உம்மோடு பேச முடியாது. மாற்றிப் பிடிபட்டாலும் பேச முடியாது. என்ன செய்ய?

நல்லக்கண்ணு


சார்ஜா
4.7.2024

நல்லக்கண்ணு வே, ஸலாம்.

கருவியை மாட்டினா மருமக பேசுறதெல்லாம் கேக்கு. அதான் மாட்டல.

எழுத்தைப் பெருசாக்குனதுக்கு எவன் வே உம்மைத் தூக்குல போடப் போறான்? ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்தப்ப, நாம ரெண்டு பேரும் மவுசு பிடிச்சுப் பழகணும்னு ஆஷிக் போட்டுத் தந்த விளையாட்டு. இப்ப உலகம் பூரா சேத்து நூறு பேரு இருந்தா அதிகம். காப்பி ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டு மாத்தும்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். மானிட்டர் மேல பழி போடாதேயும். உம்ம கண்ணுல புரை. உரிக்க இருபது நிமிஷம். திருநெல்வேலிக்குப் பஸ் ஏற இவ்வளவு பயமா?

நாலு மணிக்கு விளையாட்டுல வழக்கம்போல பாலத்துல நிக்கேன். இங்க அப்ப ரெண்டரை, தொழுதுட்டு வந்துருதேன்.

மம்மது


சங்கரன்கோவில்
8.7.2024

அன்புள்ள மம்மது,

மாற்றிவிட்டேன். ஆபரேஷனைப் பற்றி மட்டும் கேட்காதேயும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் முடியட்டும்.

அகலத்தை முதலில் எழுத வேண்டுமாம். நில அளவையில் தென்வடல் நீளத்தை முதலில் எழுதிப் பழகிய கை, உயரத்தை முதலில் போட்டுவிட்டது. விளையாட்டு கிணறு மாதிரி நீண்டு திரைக்குக் கீழே இறங்கிவிட்டது. கணக்கு போயிற்று என்றே நினைத்தேன். “கரண்டுக் கம்பியைத் தொட்ட மாதிரி நடுங்குதிய! விளையாட்டுதான?” என்றாள் மாரித்தாய். மூன்று முறை சரிபார்த்துத் திரும்ப எழுதினேன். எழுத்து இப்போது கடைப்பலகை மாதிரி தெரிகிறது.

ஆனால் வேறொன்றும் தெரிகிறது. முன்பு என்னைச் சுற்றி ஒன்பது தப்படிதான் திரையில் வரும். இப்போது இருபது. பதினோராவது தப்படியில் ஒருவர் நிற்கிறார். நான் நடந்தால் நடக்கிறார். நின்றால் நிற்கிறார். தலைக்கு மேல் இருக்கும் பெயர் மட்டும் பெரிதாகவில்லை, சாம்பல் கோடாகத்தான் தெரிகிறது. நான்கு முறை அளந்தேன், அதே பதினொன்று. பழைய திரையின் எல்லை தெரிந்தவர், அதைத் தாண்டி நிற்கிறார். கண்காணிப்பாளராகத்தான் இருக்க வேண்டும். நாலு மணிக்கு உம்மிடம் சொல்லவில்லை, சொன்னால் அவர் படித்துவிடுவார்.

பிடிபடுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்வது மேல் என்று, நடத்துபவர்களுக்கு ஆங்கிலத்தில் ஏழு பத்தி மனு அனுப்பிவிட்டேன். ஆறாவது பத்தியில் அந்த ஆள் நிற்கும் இடம், நேரம், தூரம் எல்லாம் குறித்திருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை என்று தெரியட்டும்.

நல்லக்கண்ணு


சார்ஜா
9.7.2024

வே, மனுவை உடனே திரும்ப வாங்கும். அந்த ஆளு நான்தான்.

போன வருஷம் மார்ச்சுல பாலத்துக்கிட்ட ஓநாய் வந்து நின்னுச்சு. நீரு பாறைன்னு நெனச்சு அது பக்கத்துல போய் உக்காந்தீரு. கடிச்சுப்போட்டுச்சு. அன்னைக்கே உம்ம கண்ணு நெலவரம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா வெக்கப்பட்டு வராமயே இருந்துருவீரு. அதான் இன்னொரு கணக்குல ஓர் ஆளை உண்டாக்கி, உமக்குத் தெரியாத தூரத்துல நடத்திக்கிட்டு வந்தேன். ஓநாய் எல்லாம் உம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி அவன் கையில செத்துச்சு. ஒருத்தர் ரெண்டு ஆளை நடத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. நீரு படிச்சிருப்பீரு.

மம்மது


சங்கரன்கோவில்
12.7.2024

மம்மது,

உம் கடிதம் வருவதற்கு முன்பே அவர்கள் பதில் வந்துவிட்டது. திரை அளவை மாற்றுவதை இரண்டு வருடமாக அனுமதிக்கிறார்களாம். ஒன்பதாம் விதியைத் திருத்த மறந்துவிட்டார்களாம். ஆறாவது பத்திக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆளையும், அவரோடு ஒரே இடத்திலிருந்து வரும் இன்னொரு கணக்கையும் நீக்கிவிட்டார்களாம்.

நாலு மணிக்குப் பாலத்தில் நின்றேன். பெரிய திரையில் இருபது தப்படிக்கும் யாரும் இல்லை. பதிமூன்று வருடமாக நீர் வளர்த்த ஆளை என் கையாலேயே காட்டிக்கொடுத்தேன். எல்லாம் என் பேரில்தான் தவறு என்று இன்னொரு மனு எழுதினேன். முடிவு மாறாது என்று ஒரே வரியில் பதில். ஏதாவது எழுதும். திட்டியாவது எழுதும்.

நல்லக்கண்ணு


சங்கரன்கோவில்
24.7.2024

மம்மது,

பன்னிரண்டு நாள் ஆயிற்று. உமக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே? கோபமென்றால் அது நியாயம். உடம்புக்கு ஏதாவது என்றால் ஆஷிக் அலியை ஒரு வரி எழுதச் சொல்லும். போன் எடுத்து நான்கு முறை கீழே வைத்துவிட்டேன். என்ன கேட்க நேருமோ என்று பயம்.

நல்லக்கண்ணு


சார்ஜா
29.7.2024

நல்லக்கண்ணு வே,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. கோவந்தான். இன்னும் போகல. உம்மைச் சுத்தி ஓநாய் அடிச்சவனைப் பத்தி ஏழு பத்தி எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு, எனக்கு எழுதிட்டு ஒருநாள் பொறுக்கத் தோணலையே.

நேத்து புதுசா ஒண்ணு ஆரம்பிச்சேன். ஒண்ணாம் நிலை. கையில ஒரு குச்சி. தொடக்க ஊர்ல ஒரு கோழி கொத்தி ரெண்டு தடவை செத்தேன். பேரப்பய சிரிக்கான். பாலத்துக்கு வந்து சேர ஆறு மாசமாகும். நடுவுல ஓநாய்க் காடு. பாப்போம்.

மம்மது


சங்கரன்கோவில்
1.8.2024

அன்புள்ள மம்மது,

உம் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒருநாள் பொறுத்திருக்க வேண்டும். பயம் வந்தால் எனக்குக் கை மட்டும்தான் ஓடுகிறது, அறிவு நின்றுவிடுகிறது.

நேற்று மாரித்தாயோடு திருநெல்வேலிக்குப் போய்வந்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை வலது கண். சம்மதப் படிவத்தில் என் கையெழுத்து என் கையெழுத்தாக வரவில்லை. இன்னொரு தாள் வாங்கினேன். அன்று மேசையிலிருந்து எழுந்து ஓடிவிடுவேனோ என்று இப்போதும் பயமாக இருக்கிறது. ஆனால் ஓநாயையும் பாறையையும் பிரித்துப் பார்க்கும் கண் இல்லாமல் உம் பின்னால் வந்து பயனில்லை.

என் ஆளைப் பாலத்திலிருந்து நடத்திக்கொண்டுவந்து தொடக்க ஊரில் நிறுத்தியிருக்கிறேன். விதிகளை முழுவதும் இருமுறை படித்துவிட்டேன். ஒருவர் பின்னால் இன்னொருவர் நடக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. உம் திரையில் ஒன்பது தப்படிதான் தெரியும். நான் பதினொன்றில் இருப்பேன். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

கட்டு அவிழ்க்கும்வரை தனியாக ஊரைத் தாண்டாதேயும். கோழிகளிடமும் கொஞ்சம் கவனமாக இரும்.

நல்லக்கண்ணு