மூக்கில் அடித்த இன்சுலின்

தாராவி
8.1.2024

கோகிலவாணிக்கு உன் மாமியார் பேராச்சி எழுதுவது.

நான் பேசினால் போனை வைத்துவிடுகிறாய். அதனால் உன் புருஷனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஞாபகம் அழிந்துகொண்டிருக்கிற உன் மாமாவை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டாய். மூக்கில் இன்சுலின் அடித்தால் மூளை விழிக்குமாம்! நான் அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் வருஷக்கணக்காக வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்கிறவள். சர்க்கரை வியாதியே இல்லாத மனுஷன் சரிந்து விழுந்தால் நீயா வந்து தூக்குவாய்?

மருந்தை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். அடிக்கிறேன். ஆனால் என் முறைப்படிதான்.

பேராச்சி

வாஷி
2.4.2024

அத்தைக்கு,

கையெழுத்துப் போட்டது உங்கள் மகன், திட்டு மட்டும் எனக்கு. கணையத்தில் சுரக்கிற இன்சுலின் மூளைக்கும் வேண்டுமாம்; இந்த நோயில் அது அங்கே சரியாக வேலை செய்வதில்லையாம். மூக்கு வழியாகப் போனால் ரத்தத்தில் சர்க்கரையை அவ்வளவாக இறக்காது. குணமாகிவிடும் என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை. முயற்சிதான்.

அதுவும் போச்சு. மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறதென்று இன்று ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏன் என்று நர்ஸ் கேட்டதற்கு, “மருந்தடிச்சதும் அந்தப் பொம்பள கருப்பட்டி தருவா”ன்னு மாமாவே சிரிக்கிறார். தினமுமா அத்தை? இப்போது சந்தோஷமா?

கோகிலவாணி

தாராவி
5.4.2024

கோகிலவாணிக்கு,

சந்தோஷம் இல்லை. ஆமாம், கொடுத்தேன். ஒருகாலத்தில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் குழாயடியில் மயங்கி விழுந்தேன். கருப்பட்டியை வாயில் வைத்து எழுப்பியவர் உன் மாமா. இன்சுலின் போட்டால் உடனே தின்ன வேண்டும் என்பது அன்றிலிருந்து இந்த வீட்டுச் சட்டம். மூக்குக்கு வேறு சட்டம் என்று நீ வந்து சொன்னாயா? நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு.

நேற்று எனக்கு வியர்த்துக் கை நடுங்கியது. அவரே எழுந்துபோய் டப்பாவைத் திறந்தார். “யாருத்தா நீ? வாயத் தொற, மயங்கிருவ” என்று ஒரு துண்டை என் வாயில் வைத்தார்.

டாக்டரிடம் நீ கேள். உன் மாமாவுக்குச் சர்க்கரை இறங்கினால் மறுபடி சேர்ப்பாரா? என் பக்கத்தில் இருந்தால் இறங்காது, என் கை சும்மா இருக்காது. வாஷிக்கே கூட்டிப்போங்கள். அழைத்துப்போக என் மகனை அனுப்பு, நீ வராதே. கருப்பட்டி டப்பா இங்கேயே இருக்கும்.

ஒன்று மட்டும். என் பேரை அவருக்கு நீ சொல்லிக்கொடுக்காதே. மருந்து வேலை செய்தால் அவரே என்னைப் பேர் சொல்லிக் கேட்பார்.

பேராச்சி