எரிச்சல் நின்ற கால்

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

என் அறையில் இருந்த மேஸ்திரிக்கும் உங்களைப் போலச் சர்க்கரை. போன மாதம் வேலை முடிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் முழுக்க ரத்தம். ஷூவை உதறியதும் ஒரு ஸ்க்ரூ விழுந்தது. பகல் முழுக்க அதை மிதித்தே நடந்திருக்கிறார்.

"எனக்கு ஒரு ஸ்க்ரூ லூஸுன்னு சொல்வீங்களேடா, இந்தா கெடச்சிருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் காட்டினார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? சாரத்துல ஏறு."

விரல் கறுத்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பியது. அவருடைய ஷூவைக் கழுவி வேறொருவனுக்குக் கொடுத்தது.

பயப்படாதீர்கள், அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் டாக்டரிடம் அவர் சொன்னது இதுதான்: "முன்னாடி கால் எரியும் சார், அப்புறம் அதுவா நின்னுடுச்சு." நீங்களும் போனில் இதையேதான் சந்தோஷமாகச் சொன்னீர்கள். மாத்திரையையும் நிறுத்திவிட்டேன் என்றீர்கள். அது குணமானதால் இல்லாமல், நரம்பு மரத்துப்போனதாலும் இருக்கலாம் என்றார் டாக்டர்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி சிந்திக் கிடக்கும் நம் தையல்கடையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். உள்ளங்காலை அம்மா தினமும் பார்க்கட்டும், கூச்சப்படாதீர்கள். காலைப் படம் எடுத்து அனுப்பும்படி தங்கையிடம் சொல்லுங்கள். காலை மட்டும் எடுக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று, உங்கள் முகமும் அம்மா முகமும் தெரிகிற மாதிரி எடுக்கட்டும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

உங்கள் மகன்